ஆகஸ்ட் 15 எப்படி 14 ஆகிறது?

(கணினித் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைப்பைப் பார்த்துவிட்டு விடுதலை வரலாறு பேசப்போகிறேன் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது வலைத்தளங்களில் வரும் காலண்டர்களைப் பற்றி. அவற்றுக்குள் தேதியை எப்படி எழுதுகிறார்கள், எழுதியதை எப்படிப் படிக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் எங்கே காணாமல் போகிறது என்பதைப் பற்றி.

லேப்டாப் கொண்டுவந்தவர்கள் உலாவியின் கன்சோலைத் திறந்துகொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு டேட் உருவாக்குங்கள். ஆண்டு 2025, மாதம் 7, நாள் 15. மாதம் 7 என்றால் ஜூலை அல்லவா என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பிறகு பதில் சொல்கிறேன். இந்த மொழியில் 7 என்றால் ஆகஸ்ட். இப்போது அதை டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் என்ற கட்டளையால் எழுத்தாக மாற்றுங்கள். திரையில் 2025-08-14 என்று ஆரம்பித்து, பக்கத்தில் 18:30 என்று நேரமும் வந்திருக்கும். பதினைந்தைக் கொடுத்தோம், பதினான்கு வந்தது. கணினியில் கோளாறு ஒன்றும் இல்லை. அது சொன்னது முழு உண்மை.

டேட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அதற்குள் தேதி எதுவும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச்சில் நள்ளிரவு அடித்த கணத்திலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் கடந்திருக்கிறது என்ற எண். அந்தக் கணத்தில் இந்தியாவில் விடிகாலை ஐந்தரை மணி. சில செயலிகளில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் '1 ஜனவரி 1970, காலை 5.30' என்று வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சுழியம் என்ற எண்ணின் இந்திய முகம். ஆகஸ்ட் 15 என்று நாம் கொடுத்ததை ஜாவாஸ்கிரிப்ட் 'இந்தியாவில் ஆகஸ்ட் 15 பிறக்கும் கணம்' என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் கிரீன்விச்சில் இன்னும் பதினான்காம் தேதி, மாலை ஆறரை மணி. 1947-இல் நாம் விடுதலை பெற்ற நள்ளிரவுக்கும் கிரீன்விச் கணக்கில் இதே தேதி, இதே நேரம்தான்.

இது எப்போது தொல்லையாகிறது? ஓர் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பப் படிவம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் காலண்டரில் 15-ஐத் தொடுகிறார். நிரல் எழுதியவர் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் போட்டு, வரும் ஸ்ட்ரிங்கில் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி சர்வருக்கு அனுப்புகிறார். டேட்டாபேஸில் 14 பதிகிறது. ஊழியர் அதே விண்ணப்பத்தைத் திறந்து, தேதியைத் தொடாமல், காரணத்தை மட்டும் திருத்திச் சேமிக்கிறார். படிவம் 14-ஐப் படித்து, அதன் உள்ளூர் நள்ளிரவை எடுத்து, மறுபடியும் கிரீன்விச்சுக்கு மாற்றி அனுப்புகிறது. இப்போது 13. சேமிக்கச் சேமிக்க விடுப்பு ஒவ்வொரு நாளாகப் பின்னால் நகர்கிறது. இந்தியாவில் எழுதப்படும் வலைச்செயலிகளில் இந்தப் பத்தெழுத்து வெட்டு போல் அடிக்கடி கண்ணில் படும் பிழை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதே நோய் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அவர்கள் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறார்கள். அங்கே நள்ளிரவு ஆகும்போது கிரீன்விச்சில் அதே தேதி, விடிகாலை. அதனால் எழுதும்போது தேதி பிசகாது. படிக்கும்போது பிசகும். 2025-08-15 என்று வெறும் தேதியை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கிரீன்விச் நள்ளிரவு என்று கொள்கிறது. சென்னையில் அது அன்று காலை ஐந்தரை. தேதி சரியாகவே தெரியும். நியூ ஜெர்சியில் அது முந்தைய நாள் இரவு எட்டு மணி. இங்கே சோதித்து 'சரியாக இருக்கிறது' என்று அனுப்பிய நிரல் அங்கே பதினான்கைக் காட்டும். அவர்கள் புகார் எழுதுவார்கள். நாம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'எங்களிடம் சரியாக வருகிறதே' என்று பதில் எழுதுவோம். இரு தரப்பும் உண்மையே பேசுவார்கள்.

இதில் விந்தை, அந்த ஸ்ட்ரிங்கின் பின்னால் நேரத்தையும் சேர்த்து 2025-08-15, 00:00 என்று தர வடிவில் எழுதினால் விதி மாறிவிடுகிறது. அப்போது அது உள்ளூர் நேரம். வெறும் தேதி என்றால் கிரீன்விச், நேரம் சேர்ந்தால் உள்ளூர். ஏன் இப்படி? இந்த மொழியின் தரநிலையில், 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டுமே கிரீன்விச் என்று எழுதினார்கள். 2015 பதிப்பில் இரண்டும் உள்ளூர் என்று திருப்பினார்கள். அதற்குள் உலகம் முழுக்க இணையப் பக்கங்கள் வெறும் தேதியைக் கிரீன்விச் என்று நம்பி எழுதப்பட்டுவிட்டன. மாற்றினால் அவையெல்லாம் உடையும். ஆகவே 2016-இல் பாதிக்குப் பாதி என்று சமரசம் செய்தார்கள். அந்தச் சமரசம் இன்றும் சட்டம். கோட்பாடு எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. முன்பே கட்டப்பட்ட வீடுகள் இடியக்கூடாது என்ற கவலைதான்.

சரி, மாதம் 7 என்றால் ஏன் ஆகஸ்ட்? 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போதுதான் ஜாவா அறிமுகமாகிப் பெரிதாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. புதிய மொழி ஜாவாவைப் போலத் தோன்ற வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. எனவே தேதிக்கான பகுதியை ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜாவாவும் அதைச் சொந்தமாக யோசிக்கவில்லை. சி மொழியின் நூலகத்தில் இருந்த வழக்கத்தைத் தொடர்ந்தது. சி மொழியில் மாதம் 0 முதல் 11 வரை. பன்னிரண்டு பெயர்களை ஒரு வரிசையில் அடுக்கி, எண்ணைக் கொண்டு நேராகப் பெயரை எடுக்க வசதி. நாளுக்குப் பெயர் கிடையாது, அதனால் அது 1-இல் தொடங்குகிறது. ஆண்டு 1900-ஐக் கழித்த மீதி. வேடிக்கை என்னவென்றால், ஜாவாக்காரர்கள் 1997-இல் ஜேடிகே 1.1 வெளியிட்டபோதே அந்த வகுப்பின் பெரும்பாலான கட்டளைகளை 'இனிப் பயன்படுத்தாதீர்கள்' என்று ஒதுக்கிவிட்டார்கள். கடன் கொடுத்தவர் கைகழுவிய பொருளை வாங்கியவர் முப்பது ஆண்டாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

அந்த 1900 கழித்த ஆண்டு 2000 ஜனவரி முதல் தேதி தன் வேலையைக் காட்டியது. கெட்-இயர் என்ற கட்டளை அன்று 100 என்று விடை சொன்னது. பல தளங்களில் '19' என்ற எழுத்தை முன்னால் ஒட்டிவைத்திருந்தார்கள். ஆண்டு 19100 ஆயிற்று. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம், அந்நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் அமைப்பு, அதன் வலைத்தளத்திலேயே அன்று அப்படித் தெரிந்தது.

இனி, படிப்பது. பார்சிங் என்று நாம் சொல்லும் வேலை. 03/04/2025 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நமக்கு அது ஏப்ரல் மூன்று. அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கொடுத்தால், தரநிலை இந்த வடிவத்தைப் பற்றி எதையும் கட்டாயப்படுத்தவில்லை. உலாவி தன் விருப்பப்படி படிக்கலாம். நடைமுறையில் உலாவிகள் அமெரிக்க வழக்கத்தையே எடுத்துக்கொள்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் 12-க்குள் இருக்கும் தேதிகள் ஆண்டில் 144. அவற்றில் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 தேதிகள் எப்படிப் படித்தாலும் சரி. மீதி 132 தேதிகள் சத்தமில்லாமல் தவறாகப் படிக்கப்படும். 12-க்கு மேற்பட்ட நாட்களில், குரோமில், 'செல்லாத தேதி' என்ற விடை வரும், அப்படிப்பட்டவை 221.

இந்த 221 நமக்கு நண்பர்கள். பிழை என்று வாய்விட்டுச் சொல்கின்றன. ஒரு குழு மாதக் கடைசியில் நிரலைச் சோதித்தால் உடனே பிடித்துவிடும். மாதத் தொடக்கத்தில், ஐந்தாம் தேதி வாக்கில் சோதித்து வெளியிட்டால் ஒரு வாரம் எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும், பதிவுகள் தவறான மாதங்களில் போய் விழுந்துகொண்டிருக்கும். பதின்மூன்றாம் தேதி காலையில் தொலைபேசி அடிக்கும். அதற்குள் கெட்டுப்போனவற்றில் எது ஏப்ரல், எது மார்ச் என்று திருப்பி எடுக்கவும் வழியிருக்காது.

குரோமின் பழைய பார்சர் இன்னும் தாராளம். ஆங்கிலத்தில் 'ரூம் 7' என்று எழுதி டேட்டுக்குள் போடுங்கள். 2001 ஜூலை 1 என்று கிடைக்கும். தெரியாத சொல் எண்ணுக்கு முன்னால் வந்தால் அதைத் தள்ளிவிடு என்பது அதன் விதி. மிஞ்சிய 7-ஐ மாதமாக்கி, இல்லாத நாளையும் ஆண்டையும் 1 என்று நிரப்பிக்கொள்கிறது. ஆண்டு 1 என்பதை 2001 என்று விரித்துக்கொள்கிறது. வழி கேட்டால் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கையை ஏதோ ஒரு திசையில் நீட்டும் ஆள் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பாரே, அப்படி. இந்தத் தாராளம் வலைக்கு வெளியேயும் உண்டு. எக்செல், மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றி ஆய்வு அட்டவணைகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மென்பொருள் அசையவில்லை, அறிவியல் நகர்ந்து வழிவிட்டது.

ஆக என் கட்சி இது: தேதியைப் படிக்கும் நிரல் ஊகிக்கக் கூடாது. எந்த வடிவத்தில் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி, அதற்குப் பொருந்தாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். மனிதரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் ஹெச்டிஎம்எல்லின் தேதிப் பெட்டியையே வைத்துவிடுங்கள். அது பயனருக்கு அவரவர் ஊர் வழக்கப்படி காட்டும். உள்ளே நமக்குத் தருவது எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வடிவம். அந்தப் பத்து எழுத்தை டேட்டுக்குள் போடாமலேயே சர்வருக்கு அனுப்பலாம். பாதிப் பிழைகள் அங்கேயே ஒழியும். 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரத்தின் வடிவம்தான் அது. எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும் என்பது அதன் தனி அழகு. உள்ளூர்த் தேதியை இந்த வடிவில் எழுத ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட்டில் நேர்வழி இல்லாததால், அனுபவசாலிகள் பலர் 'சுவீடன் நாட்டு வழக்கப்படி காட்டு' என்று கேட்டு வாங்குகிறார்கள். சுவீடனில் அன்றாடத் தேதியே அப்படித்தான் எழுதுவார்கள். கோயம்புத்தூர் அலுவலகச் செயலிக்குள் சுவீடன் மொழிக் குறி எப்படி வந்தது என்று அடுத்து வரும் நிரலாளர் தலையைச் சொறிவார்.

காலண்டரின் கட்டங்களை வரைவதற்கு வருவோம். 'அடுத்த மாதம்' என்ற பொத்தான் இருக்கிறது. இன்றைய டேட்டை எடுத்து மாதத்தில் ஒன்றைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். ஜனவரி 31 அன்று அந்தப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். பிப்ரவரி 31 என்று ஒரு நாள் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிழை என்று சொல்லாது, மிஞ்சிய நாட்களை அடுத்த மாதத்தில் தள்ளிவிடும். 2025-இல் மார்ச் 3. பிப்ரவரி என்ற மாதமே காலண்டரில் காணோம். மற்ற பெரும்பாலான நாட்களில் அதே பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும். மாதத்தின் முதல் நாளுக்குப் போய்விட்டு அங்கிருந்து கூட்டினால் தீர்ந்தது.

அடுத்த நாளுக்குப் போக இருபத்து நான்கு மணி நேரத்தைக் கூட்டுவது இதைவிடப் பெரிய வினை. நம் ஊரில் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பும் வழக்கம் இல்லாததால் நமக்கு அது ஒருபோதும் தெரியாது. பிரேசிலில் 2019-இல் கைவிடும் வரை அந்த வழக்கம் இருந்தது, அதுவும் நள்ளிரவில். 2018 பிப்ரவரி 17 இரவு சாவ் பாவ்லோவில் பன்னிரண்டு அடித்ததும் கடிகாரத்தைப் பதினொன்றுக்குத் திருப்பினார்கள். அந்த நாளுக்கு இருபத்தைந்து மணி. அந்த நாள் தொடங்கிய நள்ளிரவிலிருந்து இருபத்து நான்கு மணியைக் கூட்டினால் வருவது அதே 17-ஆம் தேதி இரவு பதினொன்று. கட்டத்தில் 17 இரண்டு முறை அச்சாகும், அதன்பின் எல்லாக் கிழமையும் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். கடிகாரத்தை முன்னே தள்ளிக் கோடை நேரம் தொடங்கிய நாளில் அங்கே நள்ளிரவு என்ற நேரமே இருக்கவில்லை. பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் பின் நேராக ஒரு மணி. சமோவா இதற்கும் ஒருபடி மேல். தேதிக் கோட்டின் மறுபக்கம் மாறிக்கொள்வதற்காக 2011 டிசம்பர் 30 என்ற நாளையே அந்நாடு விட்டுவிட்டது. 29-க்கு அடுத்த நாள் 31.

வாரம் ஞாயிறில் தொடங்குமா திங்களிலா என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. யூனிகோடு அமைப்பு தொகுக்கும் சிஎல்டிஆர் தரவில் இந்தியாவுக்கு ஞாயிறு, இலங்கைக்குத் திங்கள். ஒரே தமிழ் இடைமுகம், இரண்டு வகைக் கட்டங்கள். ஐஎஸ்ஓ வாரக் கணக்கு திங்களில் தொடங்கி, ஆண்டின் முதல் வியாழன் விழும் வாரத்தை முதல் வாரம் என்கிறது. அதனால் டிசம்பர் கடைசி நாட்கள் சில வேளை அடுத்த 'வார ஆண்டில்' சேரும். ஃபார்மேட் எழுதும்போது ஒய் என்ற எழுத்தைச் சிறியதாகப் போட்டால் நாம் அறிந்த ஆண்டு, பெரியதாகப் போட்டால் வார ஆண்டு என்பது சில மொழிகளில் விதி. இரண்டும் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் ஒரே விடை தரும். 2014 டிசம்பர் 29, திங்கட்கிழமை, ட்விட்டரின் சர்வர்கள் தங்கள் பதில்களில் ஆண்டை 2015 என்று அனுப்பத் தொடங்கின. ஆண்ட்ராய்டு பயனர்கள் பலர் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். அன்று எந்த வாரம் தொடங்கியது என்று பார்த்ததுமே நிரலாளர்களுக்குக் காரணம் விளங்கிவிட்டது.

நேர மண்டலம் பற்றி ஒரு செய்தியை நம் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். சென்னைக்கும் கொழும்புக்கும் இன்று நேர வேறுபாடு இல்லை. ஆனால் நடுவில் சில ஆண்டுகள் இருந்தது. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால் போனது. அந்த அக்டோபரில் அதை ஆறு மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இப்போது 2001 மே 10 அன்று பிறந்த ஒருவரின் பிறந்த நாளை கொழும்பில் ஒரு நிரல் 'உள்ளூர் நள்ளிரவு' என்ற கணமாகச் சேமிக்கிறது. கிரீன்விச்சில் அது மே 9, மாலை ஆறு. சென்னையில் இருக்கும் ஒருவர் அதைத் திறந்தால் மே 9, இரவு பதினொன்றரை. ஒரே நேரம் காட்டும் இரண்டு ஊர்களுக்கு நடுவே பிறந்த நாள் மாறுகிறது. நேர வேறுபாடே இல்லாத இடத்தில் யாரும் நேர மண்டலத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை கடிகாரம் ஆறரையில் ஓடியது. 1943-இல் பிறந்த தாத்தா பாட்டிகளின் ஓய்வூதியப் பதிவை உருவாக்குபவர்கள் நினைவில் வையுங்கள். பிறந்த நாள் ஒரு கணம் அல்ல. அது காலண்டரில் ஒரு கட்டம். அதை மண்டலம் எதுவும் தொடாத வெறும் தேதியாகவே சேமிக்க வேண்டும்.

வரப்போகும் கூட்டங்களுக்கு இது தலைகீழ். நடந்து முடிந்த பணப் பரிமாற்றத்துக்குக் கணமே சரி. ஆனால் 'அடுத்த ஆண்டு மார்ச்சில் லண்டனில் காலை பத்து மணி' என்ற சந்திப்பைக் கணமாக மாற்றிப் பூட்டினால், நடுவில் அந்த நாடு கடிகார விதியை மாற்றினால் நாம் ஒரு மணி நேரம் முன்போ பின்போ போய் நிற்போம். சுவர்க் கடிகாரத்தின் நேரத்தையும் ஊரின் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும். உலக நாடுகளின் இத்தகைய மாற்றங்களை ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொகுக்கத் தொடங்கினார். அந்தத் தரவுத் தொகுப்பு இன்று உங்கள் கைபேசி ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசும்போது பயன்படும் ஐகேலண்டர் வடிவத்தில் ஒரு சிறு பொறி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுநாள் நிகழ்ச்சியின் முடிவுத் தேதி அதில் சேராத தேதி. பொங்கல் விடுமுறை ஜனவரி 14 முதல் 17 வரை என்றால், முடிவு என்ற இடத்தில் 18 என்று எழுத வேண்டும். கணக்குக்கு இது வசதி. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நாட்களின் எண்ணிக்கை நேராக வரும். திரையில் காட்டும்போது ஒன்றைக் குறைக்க மறந்தால் மேலாளர் கோபித்துக்கொள்வார்.

படிப்பதைவிட எழுதுவது, அதாவது ஃபார்மேட்டிங், எளிது என்று எண்ணுவோம். நாள், இடைவெளி, மாதப் பெயர், காற்புள்ளி, ஆண்டு என்று கையால் ஒட்டினால் முடிந்தது என்று. 2012-இல் வந்த இன்ட்டெல் (Intl) நூலகம் அந்த வேலையை உலாவியிடமே ஒப்படைத்துவிட்டது. தமிழ், இந்தியா என்று மொழிக் குறி கொடுத்தால் '15 ஆகஸ்ட், 2025' என்று கிடைக்கும். நம் நாளிதழ்களில் இந்தக் காற்புள்ளி இந்த இடத்தில் வராது. அதைப் பற்றி எனக்குக் குறை உண்டு. அதைவிடச் சிக்கலான இடம் பெயர்ச் சுருக்கங்கள். கட்டம் சிறியதாக இருந்தால் மாதத்துக்கு ஓரெழுத்துப் போடுகிறோம். ஜூன், ஜூலை இரண்டுக்கும் 'ஜூ' என்றே வரும். 'செ' என்று நின்றால் செப்டம்பரும் செவ்வாயும் ஒன்று. மாதத் தலைப்புக்கும் கிழமைத் தலைப்புக்கும் ஒரே சுருக்கத்தைப் பயன்படுத்தும் வடிவமைப்பில் இது நேராக மோதும். வேற்றுமை உருபு இன்னொன்று. 'விழா' என்பதற்குப் பின் தேதியை ஒட்டி, பின்னால் 'இல்' சேர்த்தால் '2025இல்' சரி, 'ஆகஸ்ட்இல்' சரியா? கையால் எழுதுபவர் 'ஆகஸ்டில்' என்பார். அதனால் தமிழ் இடைமுகங்களில் தேதியோடு உருபை ஒட்டாமல், 'அன்று' என்றோ 'தேதி:' என்றோ தனித்து நிறுத்துவதே நல்லது.

தமிழ் எண்களும் அந்த நூலகத்தில் உண்டு. எண்முறையைத் தமிழ் என்று கேட்டால் ௧௫/௮/௨௦௨௫ என்று வரும். இதில் இருக்கும் ௦ யூனிகோடில் சேர்ந்தது 2005-இல், 4.1 பதிப்பில். பழைய முறையில் சுழியம் கிடையாது. 2025-ஐ ௨௲௨௰௫ என்று எழுதுவார்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵ என்று பத்திரங்களில் வழங்கிய குறிகளும் 2003 முதல் யூனிகோடில் இருக்கின்றன. திருமண அழைப்பிதழ் செயலி செய்பவர்கள் யாரும் இவற்றைத் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆசைப்படுபவர்கள் இருந்தால் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்ட்டெல் எழுதித் தரும் ஸ்ட்ரிங் மனிதர் கண்ணுக்கு மட்டும். அதை மறுபடியும் நிரலால் படிக்கக் கூடாது. 2022-இல் சிஎல்டிஆர் 42-ஆம் பதிப்பில் ஆங்கில நேரத்தில் பிஎம் என்பதற்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி உடையாத குறுகிய இடைவெளி ஒன்றை வைத்தார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த இடைவெளியில் வெட்டி நேரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நிரல்கள் உலகெங்கும் சரிந்தன. குரோம் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இவ்வளவு குழப்பத்துக்கும் மருந்தாக டெம்போரல் என்ற புதிய தொகுதி வந்திருக்கிறது. தரநிலைக் குழுவில் அது மூன்றாம் கட்டத்தை எட்டியது 2021-இல். 2025 மே மாதம் ஃபயர்பாக்ஸ் 139 அதைப் பயனர்களுக்குக் கொண்டுவந்தது. அதில் கணத்துக்கு ஒரு வகை, மண்டலமில்லாத வெறும் தேதிக்கு ஒரு வகை, ஊரோடு சேர்ந்த நேரத்துக்கு ஒரு வகை என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 8-ஆம் மாதம். ஜனவரி 31-உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 28. வேண்டுமானால் பிழை என்று நிறுத்தச் சொல்லலாம். 03/04/2025 என்று கொடுத்தால் ஊகிக்காமல் மறுத்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் பழைய டேட்டைத் தொட இனி எந்த அவசியமும் இல்லை என்பது என் கருத்து.

டெம்போரலும் இன்ட்டெல்லும் கிரிகோரியன் அல்லாத காலண்டர்களையும் அறியும். 'இந்தியன்' என்று கேட்டால் கிடைப்பது சக காலண்டர். மேகநாத் சாகா தலைமையிலான குழு வகுத்து, 1957 மார்ச் 22 முதல் அரசு ஏற்றுக்கொண்டது. அதன்படி 2025-ஆம் ஆண்டு விடுதலை நாள் சிராவணம் 24, ஆண்டு 1947. அந்த எண்ணைத் திரையில் முதன்முதலாகப் பார்ப்பவர் பிழை என்றே நினைப்பார். யூத, பாரசீக, எத்தியோப்பியக் காலண்டர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்க் காலண்டர் இல்லை. நாமே ஒன்றை எழுதிச் செருகலாமா என்றால், அந்த வசதியை டெம்போரலில் முதலில் வைத்திருந்து 2024-இல் நீக்கிவிட்டார்கள். இனி வழி சிஎல்டிஆர் பட்டியலில் இடம் பெறுவதுதான்; அதற்கு ஐயமில்லாத கணக்கு ஒன்றை எழுதித் தர வேண்டும்.

அந்தக் கணக்கை இங்கே இருப்பவர்களில் யாராவது எடுத்துச் செய்வீர்கள் என்ற எண்ணத்தில்தான் இதைக் கடைசிக்கு வைத்தேன். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது அன்றைய சூரிய மறைவுக்கு முன் என்றால் அன்றே மாதத்தின் முதல் நாள். மறைந்த பின் என்றால் மறுநாள். கேரளத்தில் விதி வேறு. நுழையும் கணத்தை வாக்கியப் பஞ்சாங்கம் ஒருவிதமாகவும் திருக்கணிதம் ஒருவிதமாகவும் கணிக்கும். சில மாதங்கள் இரண்டிலும் வெவ்வேறு நாளில் பிறக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்தாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. அந்தக் கணம் இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு வருகிறது என்று வையுங்கள். சென்னையில் சூரியன் மறைந்துவிட்டது, மாதம் நாளைக்குத்தான். டொராண்டோவில் அதே தேதி, இன்னும் காலைப்பொழுது. அங்கே விதியை அப்படியே போட்டால் மாதம் இன்றைக்கே பிறந்துவிடுகிறது. டொராண்டோத் தமிழர் வீட்டில் சென்னையில் அச்சான காலண்டர் தொங்குகிறது. யாருடைய சூரிய மறைவைக் கணக்கில் எடுப்பது என்பதை, சிஎல்டிஆருக்குத் தரும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும்.